எழுபத்தெட்டு புள்ளி நாலு

இருங்கக்கா, காப்பி ஆறட்டும். மொதல்ல இந்தத் திரையப் பாருங்க. வாசல் தெரியுதா? கேட்டு தெரியுதா? அது கெடக்கட்டும். மேல ஓரத்துல சின்னதா மணி ஓடுது பாருங்க, நொடியோட. முப்பத்தாறு, முப்பத்தேழு... அது ஓடுதான்னு பாக்கணும். படம் எப்பவும் நல்லாத்தான் இருக்கும். படத்த நம்பாதீங்க. நொடி ஓடுதா, அத மட்டும் பாருங்க. தெனமும் பாருங்க.

என்ன சிரிக்கீங்க? மூணு தடவ சொல்லிட்டனோ? எல்லா வீட்டுலயும் இப்படித்தான் சொல்லுவேன். போன வாரம் ஒரு டாக்டர் வீட்டுல, "தம்பி, நீங்க கேமரா மாட்ட வந்தீங்களா, பயங்காட்ட வந்தீங்களா"ன்னு கேட்டுட்டாரு.

பயந்தான்க்கா. ஒளிக்கதுக்கு என்ன இருக்கு.

நான் இதுக்கு முன்ன கேமரா வேல பாக்கல. கருங்காட்டு அணையில இருந்தேன். நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசுல்லா, தெரிஞ்சிருக்காது. மலையடிவாரத்துல சின்ன அணை. எண்பத்தி நாலு அடி. அதுக்கு மேல வந்தா யாரும் மதகு தெறக்க வேண்டாம், தண்ணி தானா வழிஞ்சி ஆத்துல விழும். மறுகால் பாயுதும்போம். கீழ மூணு கிலோமீட்டர்ல ஒரு தரைப்பாலம். பாலம்னா, ஆத்துக்குக் குறுக்க ஒரு ரோடு, அம்புட்டுதான். கைப்பிடிச் சுவரு கூடக் கெடையாது. மறுகால் பாஞ்சா அரமணி நேரத்துல அது முங்கிரும். அந்தப் பக்கம் மூணு ஊரு இருக்கு. பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, சந்தை எல்லாம் இந்தப் பக்கம்.

சென்னைக் கம்பெனி ஒண்ணு அந்த அணையில ஒரு சிஸ்டம் போட்டிருந்துச்சு. அதப் பாத்துக்கிடுத ஆளு நான். மூணு வருசம். மலைக்கு மேல மழை அளக்குத டப்பாவ, அணைக்குள்ள தண்ணி மட்டம் அளக்குத சென்சாரு, எல்லாத் தகவலும் கண்ட்ரோல் ரூம்ல இருக்க சர்வருக்கு வரும். சுவத்துல பெரிய திரை. அதுல பச்சையில பெரிய நம்பரு, தண்ணி எத்தன அடின்னு. எண்பத்திரண்டத் தொட்டாப் போதும், பாலத்துப் பக்கத்துல இருக்க சைரன சர்வரே ஊதிரும். ஆபீசருக, பஞ்சாயத்துத் தலைவருக எல்லாருக்கும் மெசேஜ் போயிரும். மனுசன் கை படவே வேண்டாம்.

அதுக்கு முன்னால எல்லாம் லஸ்கருதான். லஸ்கருன்னா அணையிலயே கெடந்து காவல் பாக்க ஊழியரு. மணிக்கொருக்க படியில எறங்கிப் போயி, சுவத்துல வரஞ்சிருக்க அடிக்கோலப் பாத்து, நோட்டுல எழுதி, போன்ல சொல்லுவாரு. எங்க சிஸ்டம் வந்த பொறவு காலைல, மத்தியானம், சாயந்தரம்னு மூணு தடவ எழுதுனாப் போதும்னு ஆயிட்டு. கையால சுத்துத பழைய சைரன் ஒண்ணு இருந்துச்சு, அதையும் கழட்டி குடோன்ல போட்டுட்டாவ. அந்த எடத்துலதான் எங்க சர்வர் அலமாரிய வச்சோம்.

அந்த லஸ்கரு பேரு ஐயாத்துரை. அம்பத்தெட்டு வயசு. அந்தக் கைச் சைரனச் சுத்திச் சுத்தி ஒரு காது மந்தம். அதனால எல்லாருகிட்டயும் கூப்பாடு போட்டுத்தான் பேசுவாரு. டியூட்டி மாத்திப் போட்டாச் சண்டை, டார்ச்சுக்கு பேட்டரி வரலன்னாச் சண்டை. ஒரு மொபெட் வச்சிருந்தாரு, அது சீட்டுல யாராவது சாஞ்சா அதுக்கும் சண்டை. எனக்கும் அவருக்கும் ஆகாது. ரூமுக்குள்ள தலைய நீட்டி, "என்ன தம்பி, ஒம் பொட்டி முழிச்சிருக்கா, ஒறங்கிட்டா?"ம்பாரு. தெனமும். எனக்கு எரிச்சலா வரும்.

ஏன்னா அந்தப் பொட்டி நெசமாவே அந்த வாரம் ஒறங்கி ஒறங்கி விழுந்துட்டு இருந்துச்சு.

சர்வருக்குள்ள நெட்வொர்க் கார்டுன்னு ஒண்ணு இருக்கும்க்கா. வெளிய இருந்து வார கேபிள் அதுலதான் சொருகும். சென்சாரு சொல்லுத சேதி உள்ள வாரதும் அது வழியா, சைரனுக்கு உத்தரவு வெளிய போறதும் அது வழியா. வாயும் காதும் அதுதான்னு வச்சிக்கிடுங்க. அந்தக் கார்டு பேசுத பாஷை வேற, சர்வர் பேசுத பாஷை வேற. ரெண்டுக்கும் நடுவுல நின்னு மாத்திச் சொல்லுத சின்ன புரோகிராமு ஒண்ணு வேணும், அதுக்குப் பேரு டிரைவர். கார்டு நல்ல கார்டாவே இருக்கும். டிரைவர் சரியில்லன்னா கல்லுதான்.

மொத நாள் ரெண்டு நிமிசம் போயிட்டு வந்துச்சு. மறுநாளு நாலு நிமிசம். சென்னையில மேனேஜர் தணிகை இருந்தாரு, அவருக்குப் போன் போட்டேன். "கொம்பையா, 'சிஸ்டம் டவுன்'ங்கிற வார்த்தையே உன் வாயில வரக் கூடாது. ஏற்கெனவே ரெண்டு கம்ப்ளெயின்ட் போயிருக்கு. மூணாவது போச்சுன்னா கான்ட்ராக்ட் கேன்சல். நீயும் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணு, சரியாயிடும்"னாரு. என் வீட்டுல அப்ப ஆறு மாசம் முழுகாம இருந்தா. நான் என்ன செய்ய?

செவ்வாக்கிழமை. ஐப்பசி கடைசி. பதினொண்ணே முக்காலுக்குக் கார்டு மறுபடியும் விழுந்துச்சு. சரின்னு அப்டேட் போட்டேன். ரீஸ்டார்ட் குடுத்தேன். சர்வர் எந்திரிச்சுது. திரை வந்துச்சு. நம்பரும் வந்துச்சு, பச்சையில, எழுபத்தெட்டு புள்ளி நாலு. அப்பாடான்னு உக்காந்து பாக்கேன், கார்டே இல்ல. சர்வருக்கு அப்படி ஒரு கார்டு இருக்கதே தெரியல. அப்டேட்டுல சர்வரோட உள்பக்கம் புதுசா மாறிட்டு, பழைய டிரைவர் அதுக்குச் சேரல. அம்புட்டுதான் விசயம். புது டிரைவர எறக்கி, இந்தச் சர்வருக்குன்னு கட்டி, ஏத்தணும். ஆனா எறக்கணும்னா இண்டர்நெட் வேணும். இண்டர்நெட்டு அந்தக் கார்டு வழியாத்தான் வரணும். பூட்டுன வீட்டுக்குள்ளயே சாவி கெடந்தா எப்படி இருக்கும், அப்படி.

நம்பரு? அது கடைசியா சென்சாரு சொன்னது. எங்க புரோகிராமு கடைசி நம்பர ஞாபகம் வச்சிருந்து அப்படியே காட்டும். ஆனா பன்னெண்டு மணிக்கு ஐயாத்துரை எறங்கிப் பாத்து நோட்டுல எழுபத்தெட்டரைன்னு எழுதியிருந்தாரு. கிட்டத்தட்டச் சரிதான? அதனால நான் நம்பரப் பத்திக் கவலப்படல. கார்டப் பத்தித்தான் கவலப்பட்டேன். வெளிய மழையும் இல்ல. தூத்தல்தான். மேல காட்டுக்குள்ள கொட்டித் தீக்குதுன்னு அங்கன உக்காந்திருக்கவனுக்கு எப்படித் தெரியும்? அதச் சொல்லுத டப்பாவும் அந்தக் கார்டு வழியாத்தான வரணும்.

அணையில மொபைல் டவர் எடுக்காது. லேண்ட்லைன் மட்டுந்தான். பக்கத்துல புள்ளைக வெளையாடுத பார்க்கு ஒண்ணு இருக்கு, அங்கன சறுக்குப் பலகை மேல ஏறி நின்னா ரெண்டு கோடு சிக்னல் கெடைக்கும். ஓடுனேன். தூத்தல்ல சறுக்குப் பலகை உச்சியில நின்னு, போன்ல அந்த டிரைவர எறக்குதேன். மூணு சதவீதம். அஞ்சு சதவீதம். அங்கன நின்னா அணை பூராத் தெரியும்க்கா, தண்ணி முழுசும். நான் போனத்தான் பாத்துட்டு இருந்தேன்.

எறக்கிட்டு ஓடி வந்தா லேண்ட்லைன் அடிக்கி. ஏ.ஈ. மேடம். பொறியாளரு, ரெக்ஸ்லின்னு பேரு, நல்ல மாதிரி. எங்கயோ ஒரு குளம் ஒடஞ்சிட்டுன்னு அங்க போயி நின்னாவ. "கொம்பையா, லெவல் என்ன?"

"எழுபத்தெட்டு புள்ளி நாலு மேடம்."

"சிஸ்டம் எல்லாம் ஓகேதான?"

"ஓகே மேடம்."

மணி ஒண்ணு. நான் திரையில இருந்ததத்தான் சொன்னேன். நீங்களே சொல்லுங்க, திரையில இருந்தத விட்டுட்டு வேற எதச் சொல்ல முடியும்?

டிரைவரக் கட்டலாம்னு உக்காந்தேன். நாலு வரி ஓடுச்சு, நின்னுட்டு. அதக் கட்டதுக்கு வேற ஒரு மூட்ட சாமான் வேணும்னு சொல்லுது. புதுசா மாறுன உள்பக்கத்தோட அளவு எல்லாம் அடங்குன மூட்ட. அது இங்க இல்ல. மறுபடியும் சறுக்குப் பலகை. இந்தத் தடவ பெரிய மூட்ட, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிட்டு. நடுவுல சிக்னல் போயி, மொதல்ல இருந்து எறங்குது. சட்டை நனஞ்சி ஒட்டிட்டு. பல்லு அடிக்கி. குளிராலன்னு நெனச்சேன், குளிரு இல்லக்கா அது.

திரும்பி வந்தா மறுபடியும் போன். ரெண்டரை.

"கொம்பையா, மேல நல்ல மழைன்னு பாரஸ்ட்காரங்க சொல்லுதாங்க. இப்ப என்ன லெவல்?"

"எழுபத்தெட்டு புள்ளி நாலு மேடம்."

"இன்னுமா? ஏறவே இல்லியா?"

"ஏறல மேடம்."

"நல்லதாப் போச்சு. நான் இங்க கரையில நிக்கேன், அப்படி இப்படி நகர முடியாது. ஏதாவதுன்னாக் கூப்பிடுங்க."

அந்த "நல்லதாப் போச்சு"ங்கத கேட்டதும் எனக்கே ஒரு நிம்மதி வந்துட்டுக்கா. அவிய நம்புனதும் நானும் நம்பிட்டேன். அப்படி ஒண்ணு இருக்கு பாத்துக்கிடுங்க.

மூணு மணி இருக்கும். ஐயாத்துரை கதவ ஒதச்சுத் தெறந்துட்டு வந்தாரு. தொடை வரைக்கும் நனஞ்சிருக்கு. "ஏ தம்பி! தண்ணி நெறம் மாறிட்டு, செவசெவன்னு வருது. எறங்கிப் பாத்தேன். எண்பத்திரண்டே முக்காலு!"

எனக்கு அந்த நிமிசம் என்ன தோணுச்சுன்னா, இந்த ஆளு ஏன் இப்ப வந்து உயிர எடுக்காருன்னுதான். டிரைவரு பாதி கட்டிட்டு இருக்கு. இன்னும் பத்து நிமிசம் குடுத்தா எல்லாம் சரியாயிரும். "அண்ணாச்சி, நீங்க தப்பாப் பாத்திருப்பீங்க. திரையப் பாருங்க, எழுபத்தெட்டு"ன்னேன்.

அவரு திரையப் பாத்தாரு. என்னயப் பாத்தாரு. "ஏல, திரையில தண்ணி நிக்கி. வெளிய நிக்கல. கோலுல நாலு அடி முங்கிட்டு, எங் கண்ணால பாத்தேன்"னு அவரே போன எடுத்து மேடத்துக்கு அடிச்சாரு. "அம்மா, எண்பத்திரண்டே முக்காலும்மா! சைரன் ஊதவே இல்ல!"ன்னு கத்துதாரு. அந்தப் பக்கம் என்ன சொன்னாவன்னு அவருக்குச் சரியாக் கேக்கல. காது மந்தம்லா. போன என் கையில திணிச்சிட்டாரு.

மேடம் கேட்டாவ. "கொம்பையா, அவரு எண்பத்திரண்டுங்காரு. சிஸ்டம் என்ன சொல்லுது?"

அவரு எனக்கு எதுக்க நிக்காரு. காலுல இருந்து தண்ணி சொட்டி, டைல்ஸ் தரையில ஓடுது.

"சிஸ்டம் எழுபத்தெட்டு புள்ளி நாலு சொல்லுது மேடம்"னேன்.

"அப்ப அவரு கோல மாத்திப் பாத்திருப்பாரு. சரி, நான் கெளம்பி வாரேன். ஒரு மணி நேரம் ஆவும்"னு வச்சிட்டாவ.

திரையில இருந்ததத்தான் சொன்னேன்.

என்னக்கா? நொடியா?

நொடி ஓடுச்சான்னு கேக்கீங்களா.

...விசாரணையில மூணு ஆபீசருக உக்காந்து ரெண்டு நாளு கேட்டாவ. அவிய யாரும் இதக் கேக்கல. எங்கண்ணு எங்க பாத்துதுன்னு யாரு கேப்பா. பதினொண்ணு நாப்பத்தஞ்சு, பதினேழு நொடி. திரையோட வலது ஓரத்துல அப்படியே நின்னுட்டு இருந்துச்சு. பாத்தேன்க்கா. மேடம் மொதத் தடவ கேட்டப்பவே பாத்தேன். ஒரு மணிக்கே பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன்.

எவனுக்கும் கெட்டது நெனச்சிச் சொல்லல. "சிஸ்டம் வேல செய்யல மேடம்"னு நாலு வார்த்த. அது வாயில வரல. கான்ட்ராக்ட் போயிரும், வேல போயிரும், அதுக்குள்ள சரி பண்ணிருவோம், அதுக்குள்ள சரி பண்ணிருவோம்னு...

ஐயாத்துரைக்கு நான் என்ன சொன்னேன்னு கேக்கலன்னாலும் எம் மொகம் சொல்லியிருக்கும். வெளிய போனாரு. மொபெட் ஸ்டார்ட் ஆகுத சத்தம் கேட்டுச்சு. "பாலத்துக்குப் போறேன்"னு ஒரு கத்து. போயிட்டாரு.

நான் தனியா இருந்தேன். அப்ப வந்த பயம் இருக்கே, அத எப்படிச் சொல்ல. ஒரு எழுத்து அடிச்சா ரெண்டு எழுத்து விழுது. டிரைவரு கட்டி முடிஞ்சுது, ஏத்துனேன். கார்டு தெரிஞ்சுது! ஆனா சேதி வரல. என்னன்னு பாக்கேன், புது டிரைவரு அந்தக் கார்டுக்குப் புதுப் பேரு வச்சிருக்கு. சர்வர் இன்னமும் பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருக்கு. வாசல்ல ஆளு நிக்கான், இவன் வேற பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவன் எப்படி உள்ள வருவான்? அந்தப் பழைய பேரு எந்தெந்தப் பைல்ல எழுதியிருக்குன்னு தேடுதேன்.

அப்பத்தான் அந்தச் சத்தம் வந்துச்சு.

ஜல்லி லாரி கொட்டும்லா, அந்த மாதிரி. ஆனா லாரின்னா கொட்டி முடிச்சிட்டு நிக்கும். இது நிக்கல. கூடிட்டே போச்சு. ஜன்னல் கண்ணாடி அதிருது. மேசையில டம்ளரு அதிருது. மறுகால் பாயுதுன்னு தெரிஞ்சிட்டு. எந்திரிச்சி வெளிய போயிப் பாத்திருக்கலாம். பாக்கல. பாத்தா அது நெசமாயிரும். ஜன்னலுக்கு முதுகக் காட்டி உக்காந்து அந்தப் பேரத் தேடிட்டே இருந்தேன். வாய்க்குள்ள எங்க ஊரு சாமி பேரு எல்லாம் ஓடுது.

நாலு மணி பத்து நிமிசம். மூணாவது பைல்ல இருந்துச்சு. மாத்துனேன்.

நம்பரு ஏறும்னு நெனச்சேன். எழுபத்தொம்பது, எண்பதுன்னு படிப்படியா. அப்படி இல்ல. ஒரு சிமிட்டு. எழுபத்தெட்டு புள்ளி நாலு இருந்த எடத்துல எண்பத்தி நாலு புள்ளி ஒம்பது. பச்சை போயி செவப்பு. அடியில ஒரு வரி: சைரன் ஒலிக்கிறது. எனக்கு மூத்திரம் போயிட்டுக்கா. ஒங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. முப்பது வயசு ஆம்பள, நாற்காலியிலயே.

பாலத்துல நடந்ததப் பொறவுதான் கேட்டேன். மூணு இருபத்தஞ்சுக்கே ஐயாத்துரை அங்க போயிட்டாரு. பாலத்து வாயில மொபெட்டக் குறுக்கப் போட்டு, பக்கத்துல கெடந்த முள்ள இழுத்துப் போட்டு நின்னிருக்காரு. ஆத்துல அப்ப கணுக்கால் தண்ணி. யாரு நம்புவா? ஒரு லோடு ஆட்டோக்காரன் கெட்ட வார்த்தையில வஞ்சிருக்கான். மழைன்னு பள்ளிக்கூடத்த அன்னிக்கு வெரசலா விட்டுட்டாவ, மூணே முக்காலுக்கு வேன் வந்துட்டு. உள்ள பத்தொம்பது புள்ளைக. வேன் டிரைவரு எறங்கி வந்து, "சைரனே ஊதல, நீரு என்னய்யா மறிக்கீரு? ஊதட்டும், நிக்கேன்"னு சண்டை. சைரன அப்படி நம்பி வச்சிருக்காவ. நாங்க நம்ப வச்சது அது.

ஐயாத்துரை வேனுக்கு முன்னால ரோட்டுல உக்காந்துட்டாரு. "ஏத்திட்டுப் போ"ன்னு.

பத்து நிமிசம் அந்த வாக்குவாதம். வேன் டிரைவரு கோவத்துல மொபெட்ட ஒதுக்கி நிறுத்தப் போயி ஹேண்டில்ல கைய வச்சிருக்கான், மேக்க அணைப் பக்கம் சத்தம் கேட்டிருக்கு. விட்டுட்டு ஓடி வந்துட்டான். வேன் நின்ன மேட்டுல ஏறி அவன் திரும்பிப் பாக்கையில பாலம் இல்ல. மொபெட்டும் இல்ல. முள்ளும் மரமுமா மண்ணு நெறத்துல வெள்ளம். புள்ளைக வேன் கண்ணாடி வழியாப் பாத்துட்டே இருந்துச்சாம். ஒண்ணு கூட அழலயாம். அதுக்கும் பத்து நிமிசத்துக்கு அப்புறந்தான் எங்க சைரன் ஊதியிருக்கு.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு உசுரு கூடப் போகல. அத நான் தெனமும் எனக்குச் சொல்லிக்கிடுவேன்.

பத்து நாளு கழிச்சி விசாரணை. திரை என்ன காட்டுச்சுன்னு கேட்டாவ, சொன்னேன். எப்ப சரி பண்ணுனீங்கன்னு கேட்டாவ, நாலு பத்துன்னேன். மேடம், "லஸ்கர் போன் பண்ணுனாரு, ஆனா லைன் கிளியரா இல்ல, என்ன சொன்னாருன்னு புரியல. டெக்னீசியனக் கேட்டேன், எழுபத்தெட்டுன்னாரு"ன்னு சொல்லிட்டாவ. வெளிய வரையில எங்கிட்ட வந்து பைய, "நீங்க சொன்னதத்தான் கொம்பையா நானும் நம்புனேன்"னாவ. அவியளுக்கும் பயம். அவியளுக்கும் வீடு, புள்ளகுட்டி இருக்குல்லா.

ஐயாத்துரைகிட்ட நோட்டக் கேட்டாவ. மத்தியானம் பன்னெண்டுக்கு எழுதுனதுதான் கடைசி. மூணு மணிக்குப் பாத்தத எழுதல. எழுத எங்க நேரம்? பாத்துட்டு நேரா எங்கிட்டல்லா ஓடி வந்தாரு. ஆனா காகிதத்துல இல்ல. காகிதப்படி, அவரு மட்டம் பாக்கல, யாருக்கும் வெளங்கச் சொல்லல, அனுமதி இல்லாம அணைய விட்டுட்டுப் போயிட்டாரு. சஸ்பெண்ட். அந்தப் புள்ளைகளோட தாய் தகப்பன் எல்லாம் சேந்து மனு குடுத்தாவ. "அவரு பாலத்துல நின்னதப் பத்திக் கேள்வி இல்ல, அணையில இல்லாததப் பத்தித்தான் கேள்வி"ன்னுட்டாவளாம்.

எனக்கு? எனக்குக் கம்பெனியில இருந்து கடுதாசி வந்துச்சுக்கா. "இக்கட்டான நேரத்தில் பதற்றமின்றிச் செயல்பட்டு" அப்படின்னு. பதற்றமின்றி! அத பீரோவுல துணிக்கு அடியில வச்சிருக்கேன். கிழிக்கவும் மனசு வரல, பாக்கவும் முடியல. அடுத்த மாசமே வேலைய விட்டுட்டேன். அந்தச் சர்வரக் கழட்டிச் சென்னைக்குக் கொண்டு போயிட்டாவ, புதுசு வந்துட்டு.

கார்டச் சரி பண்ணுனது நான்தான். அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. அந்தப் பேரு மாறுனதக் கண்டுபிடிக்க வேற ஒருத்தனா இருந்தா ராத்திரி ஆயிருக்கும்.

என்னக்கா அப்படிப் பாக்கீங்க?

சரி. இதையும் சொல்லிருதேன். போன மாசம் ஐயாத்துரை எங்க வீட்டுக்கு வந்தாரு. உள்ள வாங்கன்னேன், வரல. வாசல்லயே நின்னு தெருவுக்கே கேக்க மாதிரி, அவருக்குத்தான் பையப் பேசத் தெரியாதே, "தம்பி, இன்னும் பதினாலு மாசந்தான் எனக்குச் சர்வீஸ் இருக்கு. மூணு மணிக்கு ஐயாத்துரை வந்து எண்பத்திரண்டே முக்காலுன்னு எங்கிட்டச் சொன்னாருன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. வேற ஒண்ணும் வேண்டாம். ஒன் மேல நான் ஒண்ணும் சொல்லல"ன்னாரு. அந்த ரூம்ல வேற யாரு இருந்தா? நான் ஒருத்தன்தான சாட்சி. எழுதித் தாரேன்னேன். சத்தியமா எழுதத்தான் உக்காந்தேன். எழுதுனா அடுத்த கேள்வி வரும்லா. அவரு சொல்லியும் நீ ஏன் எழுபத்தெட்டுன்ன? ஒரு வரியப் புடிச்சி இழுத்தா மத்தது எல்லாம் கூட வரும். கிழிச்சிப் போட்டேன்.

ரெண்டாவது தடவ வந்தாரு. நாளைக்குன்னேன். இந்தத் திங்கக்கெழமை மூணாவது தடவ வந்தப்ப வீட்டுல இல்லன்னு சொல்லச் சொன்னேன். என் பொண்டாட்டி இடுப்புல புள்ளைய வச்சிட்டு வாசல்ல நின்னு, "அவுக இல்ல"ன்னா. என் பைக்கு வாசல்லயே நிக்கி. நான் கதவுக்குப் பின்னால மூச்சப் புடிச்சிட்டு நிக்கேன். அவரு பைக்கப் பாத்தாரு. "சரிம்மா, வெள்ளிக்கெழமை எனக்குக் கடைசி விசாரணை. வந்தா சொல்லு"ன்னுட்டு நடந்து போனாரு. அவருக்கு இப்ப வண்டி இல்லல்லா.

அன்னிக்கு எம் பொண்டாட்டி சோறு வச்சா, தண்ணி வச்சா, மொகத்தப் பாக்கல.

இன்னிக்கு என்ன, புதனா? வியாழனா? வியாழனா...

ஒங்ககிட்ட வெள்ளத்தாள் ஒண்ணு இருக்குமாக்கா? கோடு போட்டதுன்னாலும் சரி, புள்ளைக நோட்டுல கிழிச்சதுன்னாலும் சரி. பேனா எங்கிட்ட இருக்கு. வீட்டுக்குப் போயிட்டா எழுத மாட்டேன், எனக்கே தெரியும்.

கொண்டாங்க. இந்த எடம் போதும்.

அரசாங்கத்துக்குக் கடுதாசி எழுதி எனக்குப் பழக்கமில்ல. மேல என்ன போடணும், பெறுநரா? அனுப்புநர்தான் மொதல்லயா... அப்ப எம் பேருதான் மொதல்ல வரும்.

சரி. எங்கயும் போயிராதீங்கக்கா. எழுதி முடிக்க வரைக்கும் இங்கனயே நில்லுங்க.